கொலோனியா தெல் சாக்ரமெந்தோ: ஆற்றங்கரை நடைக்கு வருமுன் நீங்கள் கேட்பவை

நான் புவெனஸ் ஐரிஸில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று யாராவது வந்தால் ஆற்றைக் கடந்து உருகுவாயில் உள்ள கொலோனியாவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். போர்த்துகீசியரும் ஸ்பானியரும் மாறி மாறி ஆண்ட பழைய ஊரை நடந்தே பார்க்கும் ஒரு அரைநாள் அது. தொலைபேசியில் ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்திருக்கிறேன்.

எதிர்க்கரையில் புவெனஸ் ஐரிஸ் போன்ற மாநகரம் இருக்கும்போது, இந்தச் சின்ன ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

புவெனஸ் ஐரிஸ் எதிரே இருப்பதால்தான் இந்த ஊரே பிறந்தது. பொலிவியாவில் இப்போது இருக்கும் பொத்தோசி மலையின் வெள்ளி, ஸ்பெயின் அரசின் கையில் இருந்தது. தென் அமெரிக்காவுக்கான சரக்கெல்லாம் லிமா, பனாமா வழியாகத்தான் போகவர வேண்டும் என்பது அரசின் சட்டம். புவெனஸ் ஐரிஸ்காரர் அட்லாண்டிக் பக்கம் கடலை வைத்துக்கொண்டு, ஒரு சட்டைத் துணிக்குக்கூட கண்டத்தையே சுற்றிவந்த விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு சட்டம் இருந்தால் கள்ளக்கடத்தல் வராமல் வேறு என்ன வரும்?

அந்த வேலைக்கு வாகாக, 1680 ஜனவரியில் ரியோ தி ஜனெய்ரோவின் ஆளுநர் மனுவெல் லோபோ, போர்ச்சுகல் அரசின் பெயரில் எதிர்க்கரையில் வந்து இறங்கினார். எல்லைப் பாதுகாப்பு, அரசரின் உரிமை என்றெல்லாம் காகிதத்தில் காரணங்கள் உண்டு. 1494-இல் இரண்டு அரசுகளும் உலகத்தைக் கோடு கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டபோது அந்தக் கோடு நிலத்தில் எங்கே விழுகிறது என்று அளக்க யாருக்கும் வழி தெரியாது. அதனால் இருவரும் 'இது என் பக்கம்' என்று சொல்ல முடிந்தது. நடைமுறையில் நடந்தது வியாபாரம். இங்கிருந்து துணியும் சர்க்கரையும் அக்கரை போயின, அக்கரையிலிருந்து வெள்ளியும் மாட்டுத் தோலும் வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட மனிதர்களும் இந்த வழியாகத்தான் விற்கப்பட்டார்கள். அழகான ஊர்தான், ஆனால் அதையும் சேர்த்துத்தான் நடையில் சொல்வேன்.

ஊர் எத்தனை முறை கை மாறியது? வலைத்தளத்துக்கு வலைத்தளம் ஒரு கணக்குச் சொல்கிறார்களே?

எதைக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். போர்த்துகீசியர் வந்து இறங்கிய அதே 1680-இல், ஆகஸ்டில், புவெனஸ் ஐரிஸ் ஆளுநர் ஹொசே தெ கார்ரோ ஊரைப் பிடித்தார். லோபோ கைதியானார், 1683-இல் புவெனஸ் ஐரிஸிலேயே இறந்தார். ஆனால் ஐரோப்பாவில் பேச்சுவார்த்தை நடந்து ஊர் போர்ச்சுகலுக்கே திரும்பிப் போனது. 1705-இல் ஸ்பானியர் மறுபடி பிடித்தார்கள். உத்ரெக்ட் ஒப்பந்தத்தின்படி 1716-இல் போர்த்துகீசியர் திரும்பினார்கள். 1735 முதல் 1737 வரை ஸ்பானியர் முற்றுகையிட்டும் ஊர் விழவில்லை. 1762-இல் ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ செவாயோஸ் பிடித்தார், மறுவருடம் பாரிஸ் ஒப்பந்தம் திருப்பிக் கொடுத்தது. 1777-இல் அதே செவாயோஸ் மறுபடி வந்து பிடித்தார். அந்தத் தடவை மீண்டும் பயன்படக் கூடாது என்று கோட்டையையே இடித்தார். அதோடு போர்ச்சுகல் கதை ஏறக்குறைய முடிந்தது.

அப்புறம் 19-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலும், அதிலிருந்து பிரிந்த பிரேசிலும் கொஞ்ச காலம் வைத்திருந்தன. 1828-இல் உருகுவாய் தனி நாடானது.

பாட்டர்ன் கவனித்தீர்களா? ஸ்பெயின் போரில் பிடிக்கும், போர்ச்சுகல் மேசையில் உட்கார்ந்து திருப்பி வாங்கும். குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் மூன்றாவது முறையே, 'அடுத்து திருப்பிக் கொடுத்துருவாங்களா?' என்று கேட்டுவிடுகிறார்கள்.

நடை எங்கே தொடங்கி எங்கே முடியும்? எவ்வளவு நேரம்?

போர்த்தோன் தெ காம்போ என்ற பழைய கோட்டை வாசலில் தொடங்கி, பெருமூச்சுத் தெரு, பெரிய சதுக்கம், கலங்கரை விளக்கம், ஆளுநர் மாளிகை அடித்தளம், பெரிய கோயில் (கிறிஸ்தவ தேவாலயம்) என்று சுற்றி படகுத்துறையில் முடிப்போம். மொத்த தூரம் இரண்டு கிலோமீட்டரைச் சுற்றித்தான் வரும். ஆனால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், நான் பேசுவேன்.

கட்டணம் உண்டா?

கிடையாது. படகும் சாப்பாடும் அருங்காட்சியகச் சீட்டும் அவரவர் பாடு. பத்துப் பேருக்கு மேல் சேர்த்துக்கொள்வதில்லை. சந்து சின்னது, வழியை மறித்து நின்றால் ஊர்க்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள்.

எது போர்த்துகீசியர் கட்டியது, எது ஸ்பானியர் கட்டியது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். முதல் அரைமணி நேரத்திலேயே பழகிவிடும், அதுதான் இந்த நடையின் ருசி. முதலில் கீழே பாருங்கள். தெருவின் இரண்டு ஓரமும் மேடாகவும் நடு பள்ளமாகவும் இருந்து, மழைத் தண்ணீர் நடுவில் ஓடினால் அது போர்த்துகீசியத் தெரு. கற்கள் ஒழுங்கில்லாமல், கூரும் முனையுமாகப் பதிந்திருக்கும், நடைபாதை இருக்காது. ஓரத்தில் நடைபாதை எழுப்பி, தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடும்படி விட்டிருந்தால் ஸ்பானியர் வந்த பிறகு போட்டது.

அப்புறம் மேலே பாருங்கள். போர்த்துகீசிய வீடு தாழ்வானது, கனத்த கல் சுவர், இரண்டு பக்கமும் சரிந்த ஓட்டுக் கூரை. நம் ஊர் நாட்டு ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே பழகியது போல இருக்கும். ஸ்பானிய வீடு செங்கல், தட்டையான மொட்டை மாடி, ஜன்னலில் இரும்புக் கிராதி.

மூன்றாவது, தெருக்களின் போக்கு. அமெரிக்காவில் ஊர் எழுப்ப ஸ்பெயின் அரசு விதியே வைத்திருந்தது: நடுவில் சதுக்கம், சுற்றிலும் சதுரங்கக் கட்டம் போலத் தெருக்கள். புவெனஸ் ஐரிஸில் தெருக்கள் ஏன் அப்படி நேராக ஓடுகின்றன என்று கேட்டவர்களுக்கு விடை இதுதான். பழைய கொலோனியாவில் அந்தக் கட்டம் கிடையாது. தெரு மேடு பள்ளத்தைப் பார்த்து, கரையைப் பார்த்து, கோட்டைச் சுவரைப் பார்த்து வளைந்து போகும். கோட்டை வாசலுக்கு வெளியே வந்து ஹெனரால் ஃப்ளோரெஸ் அவென்யூ பக்கம் நடந்தால் கட்டம் ஆரம்பித்துவிடும். 1995-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு இரண்டு மரபும் இப்படிக் கலந்து நிற்பதே காரணம்.

ஒரே தெருவில் இடது பக்கம் ஓட்டுக் கூரையும் வலது பக்கம் மொட்டை மாடியும் நிற்கும் இடங்கள் உண்டு. சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

பெருமூச்சுத் தெருவுக்கு அந்தப் பெயர் ஏன்?

ஸ்பானிய மொழியில் காஷே தெ லோஸ் சுஸ்பீரோஸ். கேட்கும் ஆளைப் பொறுத்து மூன்று கதை. மரண தண்டனைக் கைதிகளை இந்த வழியாக ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள், அவர்கள் விட்ட பெருமூச்சு என்பது ஒன்று. மாலுமிகள் தேடி வந்த விலைமாதர் வீடுகள் இருந்தன என்பது இன்னொன்று. காதலனுக்காகக் காத்திருந்த பெண் இங்கே கத்திக்குத்துப்பட்டு இறந்தாள் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதாரம் காட்டுவார் இல்லை. எனக்கென்னவோ துறைமுகத்துக்கு இறங்கும் தெரு என்பதால் இரண்டாவதில் கொஞ்சம் உயிர் இருப்பதாகத் தோன்றும். கல்பாவு மட்டும் போர்த்துகீசியர் காலத்தது, அதில் சந்தேகமில்லை. படம் எடுக்கக் காலை ஒன்பதுக்குள் வந்துவிடுங்கள்.

கோட்டை வாசல் அசல்தானா?

ஆளுநர் அந்தோனியோ பெத்ரோ தெ வாஸ்கொன்செலோஸ் காலத்தில், 1745-இல் எழுப்பிய வாசல் அது. அந்த இடமும் அந்த வடிவமும் உண்மை. ஆனால் இன்று நீங்கள் கடக்கும் மரப்பாலமும் நிமிர்ந்து நிற்கும் சுவரும் பெரும்பாலும் 1968 முதல் 1971 வரை நடந்த புனரமைப்பில் வந்தவை. அதற்கு முன் இந்தப் பகுதி பாழடைந்து கிடந்தது, வீடுகளில் ஏழைகள் குடியிருந்தார்கள். கட்டடக் கலைஞர் மிகெல் ஆங்ஹெல் ஓத்ரியோசோலா இந்தப் புனரமைப்பில் முன்னின்றவர்.

'அப்படியென்றால் போலியா' என்று ஒரு மாமா முகம் சுளித்தார். இல்லை. இடித்தது ஒரு அரசு, காலம் தின்றது மீதி, கிடைத்த கல்லை வைத்து எழுப்பியது மூன்றாவது தலைமுறை. மறைத்திருந்தால் அது போலி, இங்கே மறைக்கவில்லை. இடித்தது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மனுவெல் லோபோ பெயர் தாங்கிய ஆயுதச் சதுக்கத்துக்கு வாருங்கள். ஆளுநர் மாளிகையின் அடித்தளம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அதன் மேல் நடைமேடை போட்டிருக்கிறார்கள். அறை அறையாக மேலிருந்து பார்க்கலாம்.

தெருப் பெயர்ப் பலகைகளில் உள்ள நீல ஓடுகள் போர்த்துகீசியர் விட்டுப்போனவையா?

நானும் முதலில் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அசூலெஹோ (மெருகேற்றிய வண்ண ஓடு) அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் தனியாகப் போய், நிதானமாக ஒவ்வொரு ஓட்டின் பக்கத்தில் இருந்த குறிப்பையும் படித்த பிறகுதான் வெட்கமாகிவிட்டது. இந்த ஆற்றின் இரண்டு கரையிலும் பழைய வீடுகளில் காணும் ஓடுகளில் ஏராளமானவை 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் வடக்கிலிருந்து, பா-த-கலே பகுதியிலிருந்து, கப்பலில் வந்தவை. நீலமும் வெள்ளையும் பார்த்தவுடன் லிஸ்பன் என்று முடிவு கட்டாதீர்கள். தெருமுனைப் பலகைகள் அண்மைக் காலத்து வேலை.

கோயிலும் கலங்கரை விளக்கமும் பக்கத்தில் பக்கத்திலா?

நாலு தப்படி தூரம். கலங்கரை விளக்கம் 1857-இல் எரியத் தொடங்கியது. அது நிற்பது சான் பிரான்சிஸ்கோ சவேரியார் மடத்தின் இடிபாட்டுக்குள், 17-ஆம் நூற்றாண்டுச் சுவர்கள் இன்னும் பக்கத்தில் இருக்கின்றன. அடிப்பகுதி சதுரம், மேலே உருளை. ஏறலாம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே உட்காரலாம்.

சாக்ரமெந்தோ கோயில்தான் ஊரின் கதையைச் சுருக்கிச் சொல்வது. போர்த்துகீசியர் எழுப்பினார்கள். ஊர் ஸ்பெயினிடம் போன பிறகு 1808 முதல் 1810 வரை ஸ்பானியக் கட்டடக் கலைஞர் தொமாஸ் தோரிபியோ திருத்திக் கட்டினார், மொந்தெவிதியோ நகர்மன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. 1823-இல், பிரேசில் படை இருந்த காலத்தில், உள்ளே வெடிமருந்து வைத்திருந்தார்கள். இடி விழுந்தது. மிச்சத்தை வைத்து மறுபடி கட்டினார்கள். உள்ளே போனால் வெள்ளைச் சுவருக்கு நடுவே பூசாமல் விட்ட பழைய கல்லைப் பார்ப்பீர்கள். ஆடம்பரம் எதுவும் கிடையாது, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரலாம்.

இந்த மண்ணின் பழங்குடி மக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

நடையில் நான் அதிக நேரம் பேசுவது இதைத்தான். 1680-இல் கொலோனியாவைப் பிடித்த 'ஸ்பானியப் படை'யில் பெரும்பாலோர் ஸ்பானியரே அல்லர். இயேசு சபையாரின் குடியிருப்புகளிலிருந்து வந்த குவாரானி மக்கள், ஏறக்குறைய 3000 பேர். அடுத்தடுத்த முற்றுகைகளிலும் ஸ்பெயினுக்காக அவர்கள் வந்தார்கள்.

அதற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள். 1750-இல் மத்ரித் ஒப்பந்தத்தில் போர்ச்சுகல் கொலோனியாவை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னது. பதிலுக்கு ஸ்பெயின் கொடுக்க ஒப்புக்கொண்டது உருகுவாய் ஆற்றின் கிழக்கே இருந்த ஏழு குவாரானி ஊர்களை. அங்கே வாழ்ந்த மக்கள், சுமார் 30,000 பேர், வீட்டையும் வயலையும் கோயிலையும் விட்டுவிட்டு ஆற்றின் மேற்கே போக வேண்டும். மறுத்தார்கள். இரண்டு அரசுகளும் சேர்ந்து படை அனுப்பின, அதுவரை அடித்துக்கொண்டிருந்த அதே இரண்டு அரசுகள்! 1756 பிப்ரவரியில் கைபோவாத்தே என்ற இடத்தில் ஆயிரத்துக்கு மேல் குவாரானியர் கொல்லப்பட்டார்கள். 1761-இல் ஒப்பந்தமே ரத்தானது. கொலோனியா போர்ச்சுகலிடமே இருந்தது.

பெரிய சதுக்கத்தில் ஒரு மர நிழல் பார்த்து உட்கார்ந்து இதைச் சொல்வேன். ஊரின் கல்வெட்டுகளில் ஆளுநர்கள் பெயரைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தமிழர்களுக்கு இந்த ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை, இழுத்து வைத்துப் பேச எனக்கும் விருப்பமில்லை. ஆனால் இரண்டு விஷயம் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒன்று சொற்கள். நம் கரைக்கும் போர்த்துகீசியர் வந்தார்கள், சில சொற்களை விட்டுப்போனார்கள். ஜன்னல் அவர்களுடைய ஜனேலா. ஸ்பானியர் சொல் வேறு, வெந்தானா. எனவே போர்த்துகீசிய வீட்டின் முன் நின்று 'ஜன்னல்' என்று சொன்னால் அதைக் கட்டியவருக்குப் புரிந்திருக்கும், அடுத்த வீட்டு ஸ்பானியருக்குப் புரிந்திருக்காது. சாவி இன்னும் வேடிக்கை. போர்த்துகீசியத்தில் ஷாவ். ஸ்பெயினில் யாவே என்பார்கள். ஆனால் இந்த ஆற்றங்கரை ஸ்பானியத்தில் அந்த 'ய' ஒலி 'ஷ' ஆகிவிடும் (மேலே காஷே என்று எழுதியதும் அதனால்தான்). ஆக இங்கே ஷாவே. விடுதி வரவேற்பறையில் நம் ஊர்ப் பாட்டி ஒருவர் 'சாவி, சாவி' என்று கேட்டார். அந்தப் பெண் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது ஒரு கப்பல். செவாயோஸ் பிடித்த ஊரை மீட்க ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து 1763 ஜனவரி 6-இல் தாக்கினார்கள். தலைமைக் கப்பல் தீப்பற்றி, கேப்டனோடும் பெரும்பாலான ஆட்களோடும் இந்தக் கரைக்கு எதிரே மூழ்கியது. அதன் பெயர் லார்ட் கிளைவ். ஆற்காட்டிலும் பிளாசியிலும் பெயர் வாங்கிய அதே ராபர்ட் கிளைவின் பெயர்தான்.

புவெனஸ் ஐரிஸிலிருந்து எப்படி வருவது? விசா வேண்டுமா?

ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தண்ணீர். வேகப் படகில் ஒன்றேகால் மணி நேரம், புக்கேபுஸ், கொலோனியா எக்ஸ்பிரஸ் இரண்டும் ஓட்டுகின்றன. மொந்தெவிதியோவிலிருந்து என்றால் பேருந்தில் 180 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இது வேறு நாடு என்பதை மறந்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் கட்டாயம். உருகுவாய் விசா விதியை உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ப அவர்கள் தூதரகத்தில் கேட்டுவிட்டே படகுச் சீட்டு எடுங்கள். அதைவிடப் பலர் கோட்டைவிடுவது இன்னொன்று: உங்கள் அர்ஜென்டினா விசா ஒருமுறை நுழைவதற்கு மட்டுமா, பலமுறைக்கா? ஒருமுறைக்கு என்றால் மாலையில் திரும்பி வரும்போது சிக்கல். காலைப் படகுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக வாருங்கள், குடியேற்றச் சோதனை ஏறும் துறைமுகத்திலேயே நடக்கும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், தேட வேண்டும். மாட்டிறைச்சி நாடு இது. என் பரிந்துரை ஃபைனா: கொண்டைக்கடலை மாவை எண்ணெய் விட்டுக் கரைத்து அடுப்பில் சுட்ட மெல்லிய அடை. இத்தாலியர் கொண்டுவந்தது, பீட்சாவோடு சாப்பிடுவார்கள். மிளகுத்தூள் தூவித் தின்றால் நம் வீட்டு அடைக்குத் தூரத்துச் சொந்தம் என்பீர்கள். காலையில் மெதியாலூனா என்ற பிறை ரொட்டி வாங்கினால், 'தெ கிராசா' என்று பெயரிருப்பதைத் தவிர்த்துவிடுங்கள், அது கொழுப்பு சேர்த்தது.

வயதானவர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள் வரலாமா?

வரலாம், ஆனால் தள்ளுவண்டியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள், இந்தக் கற்களில் அது நகராது. குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கு நடுநடுவே உட்கார மரப் பெஞ்சுகள் இருக்கின்றன.

காளைச் சண்டை அரங்கம் என்கிறார்களே, அது நடையில் உண்டா?

இல்லை, ஊரிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் வடக்கே ரெயால் தெ சான் கார்லோஸில் இருக்கிறது. நேரம் இருந்தால் சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போங்கள். கப்பல் முதலாளி நிக்கோலாஸ் மிஹானோவிச், புவெனஸ் ஐரிஸ் பணக்காரர்களை இழுக்க 1910-இல் கட்டியது, 10,000 பேர் உட்காரலாம். எட்டுச் சண்டைதான் நடந்தது. 1912-இல் நாடே காளைச் சண்டையைத் தடை செய்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் பாழாய்க் கிடந்து, 2021-இல் நிகழ்ச்சி அரங்கமாகத் திறந்தார்கள். பாழாய்க் கிடந்தபோது இன்னும் அழகாக இருந்தது என்பது என் தனிப்பட்ட புலம்பல்.

எந்த மாதம் நல்லது? மாலைப் படகா, இரவு தங்கலா?

மார்ச், ஏப்ரல், அப்புறம் அக்டோபர், நவம்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே கோடை, கூட்டம் அதிகம். தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ஆறு ஏறும், படகு தாமதமாகலாம், அன்றே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். ஊர் மேற்குப் பார்த்தது, சூரியன் ஆற்றிலேயே இறங்கும், ஜனவரியில் இரவு எட்டு மணிக்குத்தான். ஆறு நீலமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள், பரானா ஆறு கொண்டுவரும் வண்டலால் எப்போதும் பால் டீ நிறம்தான். ஊர்க்காரர்கள் கையில் மாத்தே என்ற இலைப் பானக் குடுவையோடும் கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடும் கரைச் சுவரில் வந்து உட்காருவார்கள். வானம் தெளிவாக இருந்தால் இருட்டிய பிறகு அக்கரையில் புவெனஸ் ஐரிஸின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். லோபோவின் ஆட்கள் அந்தத் திசையைத்தான் பார்த்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள், எந்தப் படகு சரக்கோடு வருகிறது, எந்தப் படகு துப்பாக்கியோடு வருகிறது என்று.